மழை விட்ட பிறகு வாற வெள்ளம்

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. டிட்வா புயல் எங்கட பக்கத்த விட்டு வடக்கால போயிட்டு, திருகோணமலை டவுனில மழை குறைஞ்சிட்டு, நான் நாலு நாளா நாறிப்போய்க் கிடந்த உடுப்பெல்லாம் அலம்பிக் கொடியில போட்டுக்கொண்டு நிக்கேக்கதான் மூதூர்ப் பக்கத்தில இருந்து மாமா கோல் எடுத்தார். "பிள்ளை, மாவிலாற்றுக் கட்டு உடைஞ்சிட்டாம், நாங்க பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுறம்." மழையே இல்லையே மாமா எண்டு கேட்டன் பாருங்க, அத நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

எங்கட வெள்ளம் எங்கட வானத்தில இருந்து வாறதில்லையே. நாங்க கங்கை எண்டு சொல்லுற மகாவலி ஆறு 335 கிலோமீட்டர் ஓடி கொட்டியாரக் குடாவில வந்து விழுது, ஒரு கிளை வெருகலால போகுது. இலங்கையில ஆறில ஒரு பங்கு நிலத்தில பெய்யிற மழை இந்த ஒரு கங்கைக்குள்ளதான் இறங்கும். நுவரெலியாவிலயும் கண்டியிலயும் கொட்டினா, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எண்டு குளம் நிரம்பி வான்கதவு திறந்து, பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டியத் தாண்டி, எங்களிட்ட வந்து சேரேக்க இங்க வெயில் அடிச்சாலும் அடிக்கும். அதனால மூதூர், சேருவில, கிண்ணியா, வெருகல் ஆக்கள் மாரிக்குப் பாக்கவேண்டியது தலைக்கு மேல இல்ல, மன்னம்பிட்டியில தண்ணி எவ்வளவு நிக்குதெண்டுதான். நீர்ப்பாசனத் திணைக்களம் அந்த அளவ வெளியிடுறதுதான். ஆனா மீட்டர்க் கணக்கில ஒரு நம்பர் வந்தா, அது எங்கட வீட்டு வாசலா, முழங்காலா, ஜன்னலா எண்டு ஆர் சொல்லுறது? அண்டைக்கு எங்கட வட்ஸ்அப் குறூப்பில வந்த அறிவித்தல் சிங்களத்தில மட்டும் இருந்திச்சு, தமிழ் வாறதுக்குள்ள பழைய வீடியோவும் வதந்தியும் முந்தீட்டுது.

மாவிலாறு மகாவலித் தண்ணிய வயலுக்குத் திருப்புற இடம், ஆனா 2006ல புலிகள் மதகப் பூட்டினதால இராணுவத்தோட சண்டை துவங்கின இடமெண்டுதான் எல்லாருக்கும் ஞாபகம். தண்ணி இல்லாமலும் அழவைச்சுது, கூடியும் அழவைச்சுது. கட்டு உடையிறதும் எங்கட மாவட்டத்துக்குப் புதுசில்ல. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்சு நூறு பேருக்கு மேல போனாங்க. அது மாரி கூட இல்ல, நித்திரையில கிடந்த சனம்.

குளங்கள நவம்பருக்கு முன்னமே முட்ட முட்ட நிரப்பி வைச்சா பிறகு வாற தண்ணிக்கு இடமெங்க? கரண்டுக்கும் வயலுக்கும் தண்ணி வேணும்தான், அதுக்காக கடைசி நேரத்தில ஒரேயடியா திறந்துவிட்டா கீழ இருக்கிறவன் என்ன செய்யிறது. அதோட கங்கைக் கரை வில்லுகள், அதாவது வெள்ளம் தேங்கிற தாழ்நிலங்கள். பாக்கிறவனுக்கு அது சும்மா புல்லும் சேறும், மாடு மேயிற இடம். உண்மையில வெள்ளத்தப் பிடிச்சு வைச்சு மெல்ல மெல்ல விடுறது அதுதான், மூடிப்போட்டு வீடு கட்டினா தண்ணி வீட்டுக்குள்ள வரும். கங்கையில மண் அள்ளுறதப் பற்றிக் கதைச்சா எனக்குச் சொந்தக்காரரே கோவிப்பாங்க, விடுவம்.

மாட்டுப் பட்டிக்காரர ஒருத்தரும் நினைக்கிறதில்ல. சனத்த ட்ராக்டரில ஏத்தலாம், இருநூறு மாட்ட எதில ஏத்துறது? மாட்டுக்காக நிண்டுதான் கன ஆக்கள் மாட்டுப்படுறது. அவங்களுக்கு மற்றாக்களுக்கு ஒரு நாள் முன்னமே சொல்லவேணும், மேட்டு நிலம் எதெண்டு இப்பவே பேசி வைக்கவேணும்.

தண்ணி வத்தினதும் மாமா செய்த முதல் வேலை, முன் ரோட்டு லைற் போஸ்டில சேறு நிண்ட உயரத்துக்கு சிவப்பு பெயின்ற் அடிச்சது. பக்கத்தில அண்டைக்கு மன்னம்பிட்டியில எத்தினை மீட்டர் எண்டும் கிராம சேவகரிட்டக் கேட்டு எழுதியிருக்கிறார். மாமிக்கு அது விருப்பமில்ல, ஒவ்வொரு நாளும் அதப் பாத்துக்கொண்டு கூட்டவேண்டிக் கிடக்கெண்டு சண்டை. ஆனா காணி உறுதியும் அடையாள அட்டையும் போட்ட பொலித்தீன் பை இப்ப அலுமாரிக்குள்ள இல்ல, கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது.