விபக்கத்தை முதலில் எழுதுங்கள்: அனுமானப் பயிற்சியில் ஒரு முன்னேற்றம்

விபக்கம், அதாவது நிறுவ வந்தது இல்லாத இடங்களைக் காட்டும் எதிர் உதாரணம், ஒருவழியாக வசப்பட்டுவிட்டது. இந்தப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கமும் (நிறுவ வரும் முடிவு) ஏதுவும் (அதற்கான காரணம்) எழுதுவது சீக்கிரம் கைவந்துவிடும். எல்லாரும் போய் நிற்பது விபக்கத்தில்தான்.

நான் பின்பற்றுவது மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித்தரும் அளவை, அதாவது தருக்க முறை. உறுப்புகள் ஐந்து என்றாலும் உபநயமும் (உதாரணத்தைப் பக்கத்தோடு பொருத்துவது) நிகமனமும் (முடிவைத் திரும்பச் சொல்வது) திட்டாந்தத்திலேயே, அதாவது உதாரணத்திலேயே, அடங்கிவிடும் என்று அங்கேயே சொல்லப்படுகிறது. அதனால் பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றாடம் மனம் தானாகச் செய்துகொள்ளும் முடிவுகளில் ஒன்றைப் பிடித்து, இந்த மூன்றாகப் பிரித்துத் தாளில் வைப்பதுதான் பயிற்சி.

மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. இதுவரை சுலபம். அடுத்து வருவதுதான் கடினம்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. அடுக்களை உடனே நினைவுக்கு வரும், நீர் வராது. ஏது பக்கத்தில் இருக்க வேண்டும், சபக்கத்தில் (அடுக்களை போல முடிவு பொருந்தும் மற்ற இடங்களில்) இருக்க வேண்டும், விபக்கத்தில் இருக்கவே கூடாது. இந்த மூன்றில் கடைசி நிபந்தனையைத்தான் மனம் நைசாகத் தாண்டிப் போகிறது. 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவற்றின் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம், அவை விதிக்குப் பொருந்துமா என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலோர் தாங்கள் ஊகித்த விதிக்குப் பொருந்தும் எண்களையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உண்மையான விதி ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் என்பதுதான். 6, 4, 2 என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதும் விபக்கத்தைத் தேடுவதும் ஒரே வேலை.

சரி, எனக்குக் கைகொடுத்த மாற்றம் இது. திட்டாந்தம் கடைசியில் வர வேண்டும் என்ற வரிசையையே விட்டுவிட்டேன். பக்கத்தை எழுதியதும், அதன் எதிர்மறையைத் தாளின் வலது பாதியில் தலைப்பாகப் போடுகிறேன். ஏதுவை இடது பாதியில் எழுதி, தாளை நடுவில் மடித்து மறைத்துவிடுகிறேன். பிறகு தலைப்பின் கீழ் வரக்கூடியவற்றை வரிசையாக எழுதுகிறேன். பட்டியல் முடிந்த பிறகுதான் மடிப்பைப் பிரித்து, எழுதியவற்றில் எதிலாவது ஏது தலைகாட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். சூட்சுமம் முழுக்க அந்த மடிப்பில் இருக்கிறது. ஏது கண்ணில் பட்டால், அதைக் காப்பாற்றும் உதாரணங்களை மட்டும் கை தேடிப் பிடிக்கும்.

ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன். பக்கம்: நிகழ்தகவில் வரும் பேயஸ் தேற்றம் எனக்குப் புரிந்துவிட்டது. ஏது: படிக்கும்போது எங்கும் தடங்கல் இல்லாததால். தலைப்பு: எனக்குப் புரியாதவை. அதன் கீழ் எழுதியவை: திட்டவிலக்கத்தில் n க்குப் பதிலாக n-1 ஏன் வருகிறது, நம்பக இடைவெளி உண்மையில் எதைச் சொல்கிறது, இப்படிச் சில. மடிப்பைப் பிரித்தால், இவை எல்லாவற்றையும் தடங்கலே இல்லாமல்தான் படித்திருக்கிறேன். ஏது இரு தரப்பிலும் இருக்கிறது, அதாவது சாதாரண அநைகாந்திகம் (இரு தரப்புக்கும் பொதுவாக இருந்து எதையும் உறுதி செய்யாத ஏது). சத்தம் அநித்தம் (நிலையற்றது), அறியப்படுவதால் என்ற பழைய உதாரணம் இதே வகை. நிலையற்ற குடமும் அறியப்படும், நிலையான ஆகாசமும் அறியப்படும்.

ஏதுவை மாற்றினேன்: புத்தகத்தை மூடிவிட்டு நிறுவ முடிந்ததால். இதுவும் ஒழுகியது. புரியாமல் மனப்பாடம் செய்து அப்படியே நிறுவக்கூடியவையும் அதே பட்டியலில் இருந்தன. மூன்றாவது ஏது: சூத்திரமே இல்லாமல், புதிய கணக்கில், ஆட்களை எண்ணியே விடைக்குப் போக முடிந்ததால். 1000 பேரில் 10 பேருக்கு நோய், சோதனை அந்த 10 பேரில் 9 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 990 பேரில் 89 பேரையும் நோயாளி என்று காட்டிவிடுகிறது. அப்படியானால் சோதனையில் அகப்பட்டவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு 98இல் 9 மட்டும்தான். புரியாதவை பட்டியலில் எதையும் இப்படிச் செய்ய என்னால் முடியவில்லை. இந்த ஏது நின்றது. இப்போது எந்தப் பாடத்தையும் இந்த மூன்றாவது ஏதுவை வைத்துத்தான் முடிக்கிறேன். படிப்பின் வேகம் பாதியாகிவிட்டது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சிந்தனைப் பயிற்சி என்று வருகிறவர்களுக்கு முதல் நாளே போலிகளின், அதாவது வாதப் பிழைகளின், பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். 29ஆம் காதையிலேயே பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 உண்டு. இவற்றை ஒப்பிக்கத் தெரிந்தவர் அடுத்தவர் பேச்சில் போலி பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். தன் பக்கம் என்று ஒன்றை வைக்காமல் எதிராளியை மறுப்பதை மட்டுமே செய்வது விதண்டை என்று நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபு பிரித்து வைத்தது இதற்காகத்தான். எனக்கு அன்றாடம் பயன்படுவது இரண்டே இரண்டு. ஒன்று மேலே சொன்ன சாதாரணம். மற்றது சித்தாசித்தம்: ஆவியோ பனியோ என்று சந்தேகம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. “அவர் குரலே சரியில்லை, என் மேல் கோபம்” என்பதில் கோபம் இருக்கட்டும், குரல் மாறியிருந்ததா என்பதே முதலில் உறுதியில்லை.

மூலம் தேடுபவர்களுக்கு: பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் மணிமேகலை மூலம் கிடைக்கிறது. உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தைப் பாருங்கள். போலிகள் வரும் பகுதி நெருக்கமான நடை, அதைச் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருதத் தருக்க நூலோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்புறம், இந்தப் பயிற்சிக்குச் செயலி எதுவும் வேண்டாம். கோடு போடாத வெள்ளைத் தாள் போதும், மடிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் வழிக்கு வராதது, நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் பக்கங்கள். “நான் பொறுமையில்லாதவன்” என்பதற்கு விபக்கம் யார்? பொறுமைசாலிகளை எழுதினால் பட்டியல் எங்கோ போய்விடுகிறது. பக்கத்தைச் சுருக்கினால் கொஞ்சம் பிடி கிடைக்கிறது: “ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை விளக்கச் சொன்னால் பொறுமை இழக்கிறேன்.” இதற்கு என்னுடைய மற்ற நேரங்களே விபக்கம், அவற்றை எழுதிவிடலாம். அன்றன்றைக்குக் குறித்து வைத்தால்தான் அந்த நேரங்கள் நினைவில் இருக்கும். அதனால் ரோமானியத் தத்துவவாதி செனகா சொல்லும் இரவுக் கணக்கையும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரிப்பதாகச் சினம் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார், அவருக்கு முந்தைய தத்துவவாதி செக்ஸ்டியஸிடமிருந்து வந்த பழக்கம் அது.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனையை ஆரம்பித்துவிட்டேன். தாளை எவ்வளவு மடித்தாலும் என் ஏது எனக்குத் தெரிந்தது தானே? ஆகவே நண்பர் ஒருவர் பக்கத்தை மட்டும் எழுதி அனுப்புவார், ஏதுவைத் தன்னிடமே வைத்துக்கொள்வார், விபக்கத்தை நான் நிரப்புவேன். முதல் பக்கம் வந்துவிட்டது: “எனக்கு இனிமேல் புது மொழி வராது.” புது மொழி வந்தவர்கள் என்று தலைப்புப் போட்டு மூன்று பெயர் எழுதியிருக்கிறேன். முப்பது வயதுவாக்கில் இந்தியா வந்து, அதன் பிறகு தமிழ் கற்ற வீரமாமுனிவர். முதுமையில் கிரேக்கம் படித்த ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ. பார்வையும் செவியும் இல்லாமல் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்ற ஹெலன் கெல்லர். இன்னும் சிலரைச் சேர்த்து அனுப்ப வேண்டும், பிறகுதான் அவர் தன் ஏதுவைச் சொல்வார்.