சாய்ந்த நாற்றுக்கு ஊற்றிய சூடோமோனாஸ்

தக்காளி நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் நீர்கோத்து, நூல்போல் மெலிந்து, ஒரே இரவில் சாய்ந்து கிடந்ததைக் கண்டதும் நான் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த பொடியை நீரில் கரைத்து ஊற்றினேன். சாய்ந்தவற்றில் ஒன்றுகூட எழவில்லை. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற கிருமி தண்டுக்குள் புகுந்து திசுவைக் கரைத்துவிட்ட பிறகு, வேரின் மேற்பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியாவால் அங்கே செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், முளைக்கும் வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உண்டு பெருகுகிறது. நோய்க்கிருமி நாடி வருவதும் அதே உணவையும் அதே இடத்தையும்தான் என்பதால், யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதே இங்கு முக்கியம். இந்த பாக்டீரியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த மஞ்சள்பச்சை ஒளிர்வு, பயோவெர்டின் என்னும் நிறமியால் வருவது. அந்த நிறமிதான், மண்ணில் கரைந்த நிலையில் மிக அரிதாகக் கிடைக்கும் இரும்பைக் கவ்விப் பிடித்து, பூஞ்சைகளுக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுவே: அழகாக ஒளிர்வது எதுவோ, அதுவே ஆயுதம். இவை தவிர, சில ரகங்கள் பூஞ்சைகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. வேரில் அமர்ந்தபடியே இலைவரை செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவனவும் உண்டு.

அடுத்த விதைப்பில் விதை நேர்த்தி செய்தேன். ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் பொடி என்பது பொதுவான அளவு. என்னிடம் இருந்ததோ ஒரு சிட்டிகை விதை, ஆகவே விரல் நுனியில் ஒட்டிய பொடியே போதுமானதாக இருந்தது. ஈரமாக்கிப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்த நாற்றுகளில் பெரும்பாலானவை நின்றன. அந்தத் தடவை நாற்றுத் தட்டில் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டேன் என்பதால், முழுப் பெருமையையும் பாக்டீரியாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

இதேபோல் நோயைத் தடுக்கப் பயன்படும் இன்னொரு பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ், வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் வித்துகளாக மாறி நெடுநாள் உறங்கக்கூடியது. சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை, பொட்டலத்துக்குள்ளேயே சில மாதங்களில் அதன் எண்ணிக்கை சரிந்துவிடும். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் கரைத்தால் அதற்கும் முன்னரே மடியலாம். வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஓராண்டாக நான் வைத்திருந்த மீதிப் பொடியை எருக்குழியில் கொட்டிவிட்டேன்.