டாக்ரோலிமஸ் களிம்பும் முதல் வாரத்து எரிச்சலும்

கண்ணிமையிலும் கழுத்திலும் கரப்பான் (எக்ஸிமா) எனும் தோல் அழற்சி வந்து வந்து போகும் என்னைப் போன்றவர்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு முதலில் பெரும் நிம்மதி தருகிறது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்து, இரவில் தூக்கம் வருகிறது. ஆனால் இந்த இடங்களில் தோல் இயல்பாகவே மெல்லியது என்பதால், அதையே மாதக்கணக்கில் தடவினால் தோல் மேலும் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாக வெளியே தெரியத் தொடங்கும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து தடவுவோருக்குக் கண் அழுத்தம் உயரும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் தோல் மருத்துவர் எனக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பை எழுதித் தந்தார்.

1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த மருந்து, முதலில் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்க உட்கொள்ளும் மருந்தாகவே பயன்பட்டது. தோலில் தடவும்போது, அழற்சியைத் தூண்டும் டி-அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து, அவை மேலும் கிளர்ந்தெழாமல் பார்த்துக்கொள்கிறது. தோலை மெலியச் செய்வதில்லை. இதன் மூலக்கூறு சற்றுப் பெரியது. ஆகவே புண்பட்ட தோலில் எளிதாக இறங்குகிறது, ஆறிய தோலிலோ குறைவாகவே இறங்குகிறது. பெரியவர்களுக்கு 0.1 சதவீதமும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 0.03 சதவீதமும் வழக்கம்.

எரிச்சலைப் பற்றி யாரும் முன்கூட்டியே விரிவாகச் சொல்வதில்லை. தடவிய சற்று நேரத்தில், மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்தது போன்ற ஒரு காந்தல் கிளம்பும். அதனோடு அரிப்பும் சேரும்போது, ஒவ்வாமைதான் வந்துவிட்டது என்று எண்ணிப் பலர் அன்றே களிம்புக் குழாயை மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஒவ்வாமை அல்ல. நரம்பு முனைகளில் இருப்பாக உள்ள சில வேதிப்பொருள்களை மருந்து வெளியேறச் செய்வதே இதற்குக் காரணம் என விளக்குகிறார்கள். அந்த இருப்பு குறைந்து, தோலும் ஆற ஆற, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு எரிச்சல் தானாகவே அடங்கிவிடுகிறது. குளித்தவுடன் ஈரத்தோலில் தடவாமல் நன்றாக உலரவிட்டுத் தடவுவதும், குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுப்பதும் எனக்கு உதவின. எரிச்சல் தாங்க முடியாத அளவில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மது அருந்துவோருக்கு முகம் திடீரெனச் சிவந்து சூடேறுவதும் உண்டு. அது தானே தணிந்துவிடும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால், புற்றுநோய் குறித்த எச்சரிக்கை கண்ணில் படும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அதைக் கட்டமிட்டுச் சேர்த்தது. விலங்குச் சோதனைகளும், இம்மருந்தை அதிக அளவில் உட்கொண்ட உறுப்பு மாற்று நோயாளிகளின் அனுபவமும் அதற்குப் பின்னணியில் இருந்தன. களிம்பிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவோ பெரும்பாலும் மிகச் சொற்பம். பின்னர் குழந்தைகளைப் பத்தாண்டு வரை கண்காணித்த ஆய்வில், எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் புற்றுநோய் காணப்படவில்லை. சில தொகுப்பாய்வுகள் லிம்போமா எனும் நிணநீர் மண்டலப் புற்றுநோய் வகையில் மட்டும் சிறு கூடுதல் வாய்ப்பைச் சுட்டுகின்றன. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது, தாளை மடித்து ஒளித்துவைத்துவிட்டு உள்ளூரப் பயந்துகொண்டே தடவுவதைவிட மேல் என்பது என் கருத்து.

என்னைப் பொறுத்தவரை, இக்களிம்பின் உண்மையான பயன் தோல் தெளிந்த பிறகே தெரிய வந்தது. வெளியில் சிவப்பே இல்லாவிட்டாலும் அடியில் அழற்சி மிச்சமிருக்கும். எனவே வழக்கமாகக் கரப்பான் கிளம்பும் இடங்களில் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை மெல்லிய பூச்சாகத் தடவிவரச் சொன்னார் மருத்துவர். மற்ற நாள்களில் மாய்சரைசர் மட்டுமே. பகலில் அந்த இடங்களில் கடும் வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கொத்தாக நீர்க்கொப்புளங்களோ சீழோ தோன்றினால் களிம்பை அங்கே தடவாமல் நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்கி போன்ற வைரஸ் தொற்று இருக்கும் தோலில் இது போடும் மருந்தல்ல.