அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து

மொட்டைமாடியில் ஆறு சோலார் பேனல்கள் ஏறிவிட்டன. மானியம் 78,000 ரூபாயும் போன வாரம் கணக்கில் விழுந்துவிட்டது. பொருத்தும் வேலை இரண்டே நாள். மற்ற ஐந்து மாதமும் காகிதம் தின்றது.

வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தர 2024இல் மத்திய அரசு அறிவித்த பிஎம் சூர்ய கர் திட்டம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் கூடுதலாகக் கிடையாது. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனால் அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகளாகியும் மின் இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தது.

பெயர் மாற்ற முதல்முறை போனபோது வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அடுத்த முறை அக்காவின் சம்மதக் கடிதம். மூன்றாம் முறை, எழுத்தர் பழைய ரசீதையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தட்டினார். ஒன்றில் அப்பா பெயர் ‘ன்’ என்று முடிகிறது, மற்றதில் ‘ம்’. “இவர் வேறு ஆள் போலிருக்கிறதே?”

“அந்த வேறு ஆளுக்கும் ஒன்பது வருடமாக நான்தான் பணம் கட்டுகிறேன், சார்.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு நான்காம் முறை போனேன். விண்ணப்பிக்கும் முன்பே மின் ரசீது, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்த அலைச்சலைப் பார்த்துச் சிரித்தவர் என் மைத்துனர். மானியமே வரிப்பணத்துக்குக் கேடு என்பது அவர் கட்சி. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்று ஆரம்பித்தேன். “மாப்பிள்ளை, எண்ணெயிலா நம் ஊரில் கரண்ட் எடுக்கிறார்கள்? நிலக்கரியில். உம் மாடியில் பேனல் போட்டால் எந்தக் கப்பல் திரும்பிப் போகும்?” என்றார். அந்த இடத்தில் அவர் சொன்னது சரிதான். அது மட்டுமா, பேனலே சீனாவிலிருந்து வந்தால் ஒரு கப்பலுக்குப் பதில் இன்னொரு கப்பல், அவ்வளவே.

அதனால்தான் மானியத்துக்கு ‘டி.சி.ஆர்.’ பேனல் கட்டாயம்: பேனலும் அதற்குள் இருக்கும் ‘செல்’ எனும் மின்கலங்களும் இந்தியாவிலேயே செய்திருக்க வேண்டும். விலை கூடுதல். ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலில் அந்த மூன்றெழுத்தே இல்லை. கேட்டால், “எல்லாம் ஒன்றுதான், சார்.” ஒன்றல்ல. வரிசை எண்களை இணையதளத்தில் பதிய வேண்டும். அங்கே மாட்டினால் மானியம் போனதுதான். பேனல்கள் வந்த அன்று கைபேசி வெளிச்சத்தில் ஆறு பேனல்களின் முதுகு ஸ்டிக்கரையும் படித்து எண்களைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பேனல்கள் திரும்பிப் போயின. சரியானவை வரப் பத்து நாள்.

மாடியிலிருந்து மின்வாரியத்துக்குப் போகும் கரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டர் ஒரே வாரத்தில் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

முந்தாநாள் உச்சி வெயிலில் கரண்ட் போனது. மாடி நிறைய வெயில். வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை. கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டர் மின்தடையின்போது தானும் நின்றுவிடுமாம். நியாயம்தான். ஒப்பந்தக்காரர் முன்பே சொல்லியிருக்கலாம்.

மைத்துனருக்கு இன்னும் தெரியாது.