குதிரை வயிற்றில் கடல் சத்தம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் ஒரு பழைய தென்னந்தோப்பு வரும். கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் சின்னக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. பிழைப்புக்கு ராமநாதபுரத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் இங்கே சம்பளமில்லாத வேலை. "குதிரைகூடவா? கொடுத்து வைத்தவன்டா நீ" என்பார்கள் நண்பர்கள். பிடரி பறக்க கடலோரம் ஓடும் வெள்ளைக் குதிரையை மனதில் வைத்துக்கொண்டு சொல்வது அது. எனக்கு அதிகம் பழக்கம் அதன் பின்பக்கம்தான்.

கேலிக்குச் சொல்லவில்லை. காலையில் போனதும் முதல் வேலை லத்தி, அதாவது குதிரைச் சாணம் பார்ப்பது. ராத்திரி எத்தனை தடவை போட்டிருக்கிறது, உருண்டையாக விழுந்திருக்கிறதா, இளகிப் போயிருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டுத்தறியாகப் பார்த்துக் குறித்து வைப்போம். அப்புறம் தரையில் படாத லத்தியாகப் பார்த்து மேலாக ஒரு பிடி எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவோம். நார் மிதக்கும், மணல் இருந்தால் அடியில் தங்கும். மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு அடியை விரலால் தடவிப் பார்த்தால், அந்தக் குதிரை மண் தின்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இந்தக் கரையில் குதிரை வளர்ப்பவர்களின் பெரிய எதிரி மணல்தான். தரையோடு ஒட்டிய புல்லைக் குதிரை உதட்டால் துழாவி வேரோடு பிடுங்கித் தின்னும், கூடவே மணலும் உள்ளே போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைக்கோல் மேலேயே ஒரு படலம் படிந்துவிடும். அந்த மணல் பெருங்குடலில் போய்ப் படிந்துவிடுகிறது, எளிதில் வெளியேறுவதில்லை. குடல் உள்சுவரை உராய்ந்து புண்ணாக்கும், அளவு மீறினால் அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வர வேண்டும்.

ஒருமுறை ஒரு மட்டக்குதிரை தீனியைத் தொடாமல், அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் வந்து அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், பிறகு என் காதிலும் மாட்டிவிட்டார். கரையில் அலை வந்து சரிந்து போவது போன்ற சத்தம். குடலுக்குள் மணல் நகர்ந்தால் அப்படித்தான் கேட்குமாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாரஃபின் எண்ணெய் கொடுத்தார், வலிக்கு ஊசி போட்டார். மறுநாள் மத்தியானம் லத்தி விழுந்ததும் அங்கே இருந்த எல்லோருக்கும் வந்த சந்தோஷத்தை வெளியாள் பார்த்திருந்தால் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு தீனியைத் தரையில் போடுவதே இல்லை. பழைய மீன்வலையில் தடித்த கயிறாகப் பார்த்து வாங்கிப் புல்லை அதற்குள் திணித்து, கால் மாட்டாத உயரத்தில் கட்டுகிறோம். கீழே சிந்துவதற்கு ரப்பர் விரிப்பு, அதைத் தினமும் கூட்ட வேண்டும். மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்கு முன்னால் வயிற்றுக்குக் கொஞ்சம் வைக்கோல். டாக்டர் சொல்லும் நாட்களில், மணலை வெளியே தள்ள இசப்கோல் உமி.

தண்ணீர் அடுத்த பாடு. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. தோப்புக் கிணறு உவர். குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்காவிட்டால் குடலில் தீனி காய்ந்து இறுகும், மறுபடியும் வயிற்று வலி. காவிரி கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் லாரித் தண்ணீருக்குத்தான் நன்கொடைப் பணத்தில் பாதி போகிறது. சீமைக்கருவேலம் வேறு. அதன் காய் இனிக்கும், குதிரை ஆசையாகத் தின்னும், நிறையத் தின்றால் அதுவும் அடைக்கும். முள் குளம்பின் அடியில் ஏறிச் சீழ் பிடித்தால் எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை முக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நம் மாவட்டத்தில் இந்த மரத்துக்குத் தனியாக அறிமுகம் தேவையில்லை.

இங்கே எங்களுக்கெல்லாம் வாத்தியார் ஒரு பாய். ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து வண்டியை விற்ற பிறகும் குதிரையை விட மனசில்லாமல் வைத்திருந்தவர். ஒருநாள் கல்யாண ஊர்வலங்களுக்கு விட்டுத் தேய்ந்துபோன ஒரு பெண் குதிரையை இறக்கினார்கள். விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவித்த கொள்ளை ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்தார் ஒரு கல்லூரித் தம்பி. பாய் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, அந்த வாளிய அப்படியே திரும்பக் கொண்டு போங்க. வாசம்கூட அதுக்குப் படக் கூடாது."

அந்தப் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாய் சொன்னதன் காரணத்தை டாக்டர் பிறகு விளக்கினார். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று தானியம் போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயம் தடுமாறும். வயிறாரத் தின்ற குதிரை மூன்று நான்கு நாள் கழித்து விழுந்து சாவது இதனால்தான்.

ஆகவே தானியமே கிடையாது. மாவுச்சத்து குறைந்த, புரதமும் தாதுக்களும் உள்ள குதிரை மசால் என்ற தீவனப் பயிர் காய்ந்தது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தராசில் நிறுத்துச் சின்னப் பங்காக. இங்கேதான் என் கணக்குப் புத்திக்கு வேலை வந்தது. எடைமேடை இல்லாத இடத்தில் டேப்பை வைத்து எடை போடலாம்: நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. அளவெல்லாம் சென்டிமீட்டரில். அவளுக்குச் சுற்றளவு 140, நீளம் 130. ஏறக்குறைய 214 கிலோ. தேறிய குதிரைக்கு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி என்பது பொதுக் கணக்கு. இவளை அந்த நாலேகால் கிலோவுக்குக் கொண்டுபோகப் பத்து நாளுக்கும் மேல் ஆனது. ஒவ்வொரு வேளையும் தின்று முடித்துவிட்டுக் காலித் தொட்டியை நக்கிக்கொண்டு எங்களைப் பார்ப்பாள். கொடுக்காமல் நிற்பதுதான் அந்த வாரத்தின் முழு வேலையும். அள்ளிக் கொடுப்பது எனக்கு எப்போதுமே சுலபமாக இருந்திருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பாண்டிய நாட்டுக் கரைக்கு 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் குதிரைத் தீனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரியாமல் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று. சோற்றையும் சமைத்த இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் சொல்கிறார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் காப்பக வாசலில் நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதம், சர்க்கரைப் பொங்கல், பிரெட் பாக்கெட், ஒருநாள் ஒரு குண்டான் பிரியாணியே வந்தது. புண்ணியத்துக்குக் கொண்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு பக்குவம் வேண்டும். "அண்ணே, இதை நாங்க சாப்பிட்டுக்கறோம், குதிரைக்கு ஒரு கட்டு மசாலுக்குக் காசு கொடுங்க" என்பேன். சிலர் கொடுப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

புதிதாக உதவ வருகிறவர்களில், குதிரை என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைவிடப் பயந்துகொண்டே வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது. பயந்தவர் பின்பக்கமாகப் போய் நிற்க மாட்டார். தூரத்தில் நின்று காது எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலில் எடை போடாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஏறிப் பார்க்கலாமா என்று கேட்கவும் மாட்டார். போன மாதம் அப்படி வந்த ஒரு அக்கா, கீழக்கரைக்காரர், இன்னும் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. லத்தி நோட்டு இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.