நான்காம் போர்டும் தகுதிப் படிவமும்

நம் பள்ளியின் சதுரங்க அணி என்றதும் முதல் போர்டில், அதாவது அணியின் பலமானவர் ஆடும் பலகையில், உட்கார்ந்தவரின் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பி.டி. சாரின் அறையில் நடந்த வேலையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மேசைமேல் அட்மிஷன் ரிஜிஸ்டர், படிவங்கள், பசை, ஸ்டாம்ப் பேடு, ஹெச்.எம். முத்திரை. சென்னைப் பள்ளிகளுக்கு ஒரு சுழற்கோப்பை அணிப்போட்டி நடத்தலாம் என்ற பேச்சு நம் பழைய மாணவர் சங்கத்தில் எழுந்திருப்பதால், அந்த அறையில் பார்த்துப் பழகியதை இன்றைய நடைமுறையோடு சேர்த்து எழுதுகிறேன். அரங்கம், கடிகாரம், பரிசுத்தொகை எல்லாம் நாம் அனுப்பும் பணத்தில் அமைந்துவிடும். யார் ஆடலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே தாளில் எழுதிவைக்க வேண்டும்.

இதில் எனக்கு அசையாத கருத்து ஒன்று உண்டு. தகுதி விதியால் உண்மையில் காக்கப்படுவது அணியின் கடைசி இடமான நான்காம் போர்டில் ஆடும் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளியில் படித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடி ஆடித் தேறி, பத்தாம் வகுப்பில் அணிக்குள் வந்த பிள்ளை அது. போட்டிக்குப் பத்து நாள் முன்பு ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) உள்ள ஒருவரைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டால், முதல் போர்டுக்காரர் இரண்டாம் போர்டுக்கு இறங்குவார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போவது நான்காம் போர்டு. விதியின் ஒவ்வொரு வரியையும் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துப் படித்தால் அதன் காரணம் விளங்கும்.

முதலில் வயது. இரண்டு கணக்குகள் புழக்கத்தில் இருப்பதால் அதிகம் குழப்புவது இதுதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் வயதுப் பிரிவுகளில் போட்டி நடக்கும் ஆண்டின் ஜனவரி 1 கணக்கு. 2025இல் 14 வயதுக்கு உட்பட்டோர் என்றால் 2011 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் வழியில் வரும் போட்டிகளில் 14, 17, 19 என்று பிரிவுகள்; அங்கே கல்வியாண்டின் நடுவில் வரும் டிசம்பர் 31 கணக்கு. 2025-26 கல்வியாண்டில் 14க்கு உட்பட்டோர் என்றால் 2012 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள். ஆக, 2011 ஆகஸ்டில் பிறந்த ஒரு பெண், 2025 அக்டோபரில் ஃபிடே கணக்கில் 14க்கு உட்பட்டவர். பள்ளிக் கணக்கில் 17 வயதுப் பிரிவுக்குப் போய்விட்டவர். ஃபிடே கணக்கில் நடக்கும் சதுரங்கச் சங்கப் போட்டிகளிலேயே பழகிய பெற்றோர் இதைக் கேட்டதும் பி.டி. சாரிடம் சண்டைக்குப் போவார்கள். நம் கோப்பையின் அறிவிப்பில் ‘14 வயதுக்கு உட்பட்டோர்’ என்று மட்டும் அச்சிட்டுவிடக் கூடாது. பிறந்த தேதியையே போட வேண்டும்: இந்தத் தேதியிலோ அதற்குப் பின்போ பிறந்தவர் என்று. வயது குறைந்தவர் மேல் பிரிவில் ஆடலாமா, ஒரே போட்டியில் இரண்டு பிரிவிலும் பெயர் கொடுக்கலாமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஆடலாம், ஆனால் ஒரு பிரிவில் மட்டும் என்பதே பரவலான வழக்கம்.

அடுத்தது அந்தத் தேதிக்கான சான்று. நம் ஊரில் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பிறந்தநாளும் மாநகராட்சிச் சான்றிதழில் இருக்கும் பிறந்தநாளும் ஒத்துப்போகாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது நிரம்ப வேண்டுமே என்று வீட்டார் ஒரு மே மாதத் தேதியைச் சொல்லியிருப்பார்கள். பள்ளிக்குள் அது யாரையும் உறுத்தாது. மாநிலப் போட்டியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறுத்தும், அப்போது திருத்த நேரம் இருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாவதற்கு முன் சரிசெய்வது எளிது, பிறகு பெரும்பாடு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம்; ஓராண்டு தாண்டினால் உரிய அதிகாரியின் உத்தரவில்தான் பதிய முடியும். அப்படித் தாமதமாகப் பதிந்த சான்றிதழைப் போட்டி நடத்துகிறவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும் அதனால்தான். ஆகவே பதிவான தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெயர் நிரப்பாத சான்றிதழ் இன்னொரு தலைவலி. ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர்க் கட்டம் காலி. அதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் வயது நிரூபிக்க முடியாது. பதிவு செய்ததிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதோடு நம் தலைப்பெழுத்தும் சேர்ந்துகொள்கிறது. பள்ளியில் கே. பிரகாஷ், ஆதாரில் பிரகாஷ் கண்ணன், பாஸ்போர்ட்டில் கண்ணன் பிரகாஷ். ஒரே பிள்ளைக்கு இரண்டு ஃபிடே எண் (ஆட்டக்காரரின் அடையாள எண்) விழுவது பெரும்பாலும் இப்படித்தான். ரேட்டிங் ஓர் எண்ணில் இருக்க, இன்னொரு எண்ணைப் பட்டியலில் கொடுத்து, ரேட்டிங் இல்லாதவர் என்று கடைசிப் போர்டுக்குப் போய்விடுவார். எதிரணி புகார் கொடுத்தால் அது ஏமாற்றாகவே பார்க்கப்படும்.

படிவத்தில் முத்திரை விழும் இடத்தையும் சொல்ல வேண்டும். படத்தை ஒட்டி, பசை காய்ந்த பிறகு, முத்திரையில் பாதி படத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழும்படி ஒற்ற வேண்டும், ஹெச்.எம். கையெழுத்தும் அதேபோல் இரண்டிலும் ஓட வேண்டும். படத்தை மாற்றி ஒட்டினால் வட்டம் பொருந்தாது, உடனே தெரிந்துவிடும். ஸ்டேப்ளர் கூடாது, பின்னைக் கழற்றி வேறு படம் வைப்பது சுலபம். வழவழப்பான படத்தில் மை ஒட்டாமல் வழியும். பி.டி. சார் ஒற்றிய கையோடு மின்விசிறியின் கீழ் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சுண்ணக்கட்டியை வைத்துவிடுவார்.

எந்தப் பள்ளியின் பிள்ளை என்பது மூன்றாவது கேள்வி. பயிற்சி மையத்தில் ஒன்றாகப் படிப்பது கணக்கில் வராது, பள்ளிப் பதிவேடு மட்டுமே பேசும். ஒரே நிர்வாகத்தின் இரண்டு கிளைகளைச் சேர்ந்தவர்களைக் கலந்து அணி அமைப்பதுதான் சென்னையில் அதிகம் கிளம்பும் வழக்கு. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு பள்ளிக்கும் நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தரப்படும் 11 இலக்க யூடைஸ் எண் தனி. இரண்டு எண் என்றால் இரண்டு பள்ளி என்று விதியில் எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. மாணவரின் எமிஸ் எண்ணை (மாநிலக் கல்வித்துறைப் பதிவில் உள்ள அடையாள எண்) போனஃபைடு சான்றில், அதாவது பள்ளி தரும் படிப்புச் சான்றில், குறிக்கச் சொன்னால், அவர் இன்றைக்கு எந்தப் பள்ளிக் கணக்கில் இருக்கிறார் என்பதும் தெளிவாகிவிடும். பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பில் மாநிலங்களைப் போலவே சிபிஎஸ்இயும் கேந்திரிய வித்யாலயாவும் தனித்தனி அணிகளை அனுப்புகின்றன, நம் கோப்பைக்கு அந்தப் பிரிவினை வேண்டாம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் சிபிஎஸ்இ பிள்ளையும் ஒரே அரங்கில் ஆடட்டும்.

சேர்ந்த தேதிக்கு ஒரு வரம்பு கட்டாயம். பத்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாறுவது இயல்பு, அதைக் குற்றமாக்கக் கூடாது. ஜூலை 31க்குள் சேர்ந்தவர் ஆடலாம், அதன்பின் டி.சி. வாங்கி வந்தவர் அந்தக் கல்வியாண்டில் ஆட முடியாது என்று வைக்கலாம். பெற்றோரின் பணி மாற்றத்தால் வந்த பிள்ளைக்கு விலக்கு கொடுக்கலாம், மாற்ற உத்தரவின் நகலோடு, போட்டிக்கு முன்பே எழுதிக் கேட்டால் மட்டும்.

இனி போர்டு வரிசை. நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் இருப்பதுபோல நாலு பேர் ஆட, ஐந்தாமவர் ரிசர்வ். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாடைப் பார்க்கப் போன நம்மவர்கள், ஒரு சுற்றில் ஒருவர் ஓய்வெடுத்தால் மற்றவர்கள் எப்படி மேலே நகர்ந்து உட்கார்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பார்கள். முதல் சுற்றுக்கு முன் கொடுத்த வரிசை கடைசிச் சுற்றுவரை மாறாது. இரண்டாம் போர்டு பையனுக்குக் காய்ச்சல் என்றால் மூன்றாமவர் இரண்டுக்கும், நான்காமவர் மூன்றுக்கும் ஏற, ரிசர்வ் நான்கில் உட்கார வேண்டும். புதிதாக வரும் ஆசிரியர்கள் ரிசர்வ் பிள்ளையைக் காலியான இரண்டாம் போர்டிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் இடத்தையும் நிறத்தையும் ஏன் கலைக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அது வரிசை மீறல். இடம் தவறி ஆடிய போர்டுகள் தோல்வியாக எழுதப்படலாம். 3-1 என்று ஜெயித்த ஆட்டம் அப்படியே தலைகீழாகும். ஆள் குறைந்தால் காலியாக விட வேண்டியது கடைசிப் போர்டைத்தான். எந்த மீறலுக்கு எந்தப் போர்டு தோல்வி என்பதை நம் விதியிலேயே சொல்லிவிட வேண்டும்.

வரிசையை அணித்தலைவர் விருப்பத்துக்கு விடலாமா, ரேட்டிங்படிதானா? விருப்பத்துக்கு விட்டால் பலவீனமானவரை முதல் போர்டில் பலியாக உட்காரவைத்து மற்ற மூன்றிலும் புள்ளி எடுப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையைச் சுற்றுக்குச் சுற்று தோற்கவைக்கும் அந்த வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. ரேட்டிங்படி என்று வையுங்கள். எந்த மாதப் பட்டியல், நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கலா, விரைவு ஆட்டமான ரேபிட்டா என்பதையும் எழுதுங்கள். 25 நிமிடமும் நகர்வுக்கு 5 விநாடியும் கொடுத்து ஆடினால் அது ரேபிட்.

அணியின் சராசரி ரேட்டிங்குக்கு உச்சவரம்பு வைக்கும் எண்ணமும் சங்கத்தில் உள்ளது. நல்ல எண்ணம்தான், ஆனால் பழைய போட்டிகளின் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். 2024 மார்ச் 1 முதல் கிளாசிக்கல் ரேட்டிங்கின் தரைமட்டம் 1000இலிருந்து 1400 ஆனது. 2000க்குக் கீழ் இருந்தவர்களுக்கு, 2000க்கும் அவர்கள் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் நாலு பங்கு ஒரே தடவையாகக் கூட்டப்பட்டது. அன்று 1100 இருந்தவர் 1460 ஆனார், 1600 இருந்தவர் 1760. பழைய 1500 வரம்பு இன்றைய அளவில் 1700. இதை மாற்றாமல் விட்டால் முன்பு தாராளமாக நுழைந்த சாதாரணப் பள்ளி அணிகளே வெளியே நிற்கும்.

ஒரு பள்ளி ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு அணி அனுப்பினால், முதல் சுற்று தொடங்கிய பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆள் மாறக் கூடாது. ‘பி’ அணியில் தேறிய பிள்ளையை நடுவில் மேலே இழுத்தால் கீழே இருப்பவர்கள் தனித்து விடப்படுவார்கள்.

புகார் எழுத்தில், அடுத்த சுற்று தொடங்குவதற்குள், சிறு கட்டணத்தோடு தலைமை ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) வர வேண்டும். புகார் நியாயம் என்றால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். எல்லாப் படிவங்களையும் முதல் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிச் சரிபார்த்தால் புகாரே பெரும்பாலும் எழாது. அந்த வாரத்தில் குறை கண்டால் பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லி, மாற்றுத்தாள் கொண்டுவர மூன்று நாள் கொடுக்கலாம். காலை எட்டரை மணிக்கு அரங்க வாசலில், சீருடையோடு நிற்கும் பிள்ளையிடம் ‘உன் தாள் சரியில்லை’ என்று சொல்லும் நிலைமை நம் கோப்பையில் வரக் கூடாது. சரிபார்க்கும் பொறுப்பைச் சென்னையில் இருக்கும் இரண்டு பழைய மாணவர்கள் ஏற்க வேண்டும், அவர்களின் பிள்ளைகள் அந்த ஆண்டு ஆடாதவர்களாக இருந்தால் நல்லது.