லூமாலிக்குக் குளிர் ஆகாது

ஒருவழியாக என் லூமாலி பொம்மை இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினாலும் தடம் விழவில்லை, உள்ளே எல்.இ.டி. எரிகிறது, நீலம் நீலமாகவே நிற்கிறது. குளிர் ஊரான நுவரெலியாப் பக்கம் இருந்துகொண்டு எபோக்சி ரெசின் (இரண்டு குப்பித் திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இரவு ஊற்றிவிட்டுப் படுத்தால் காலையில் அச்சிலிருந்து கழற்றி எடுக்கிறார்கள்.

லூமாலி யார் என்று கேட்பவர்களுக்கு மட்டும்: 2023இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் படத்தில், வில்லன் பௌசரின் கோட்டையில் எரிமலைக் குழம்புக்கு மேலே தொங்கும் கூண்டுக்குள் கிடக்கும் நீல நட்சத்திரப் பொடிசு. மற்றக் கைதிகள் எப்படித் தப்புவது என்று தவிக்க, இது மட்டும் சாவுதான் விடுதலை என்று கொஞ்சல் குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். குரல் கொடுத்தது இயக்குநர்களில் ஒருவரான மைக்கல் ஜெலெனிக்கின் மகள் ஜூலியட். படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான். மாரியோ பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கும், இது கிடைக்காது. அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன்.

அச்சு எடுத்த கதையை நீட்டவில்லை. மூல உருவத்தைப் பிளாஸ்டிசின் களிமண்ணில் செய்ததால், அச்சு எடுக்கும் ரப்பரில் பிளாட்டினம் சிலிக்கன் பக்கமே போகவில்லை. களிமண்ணில் கந்தகம் இருந்தால் அந்தச் சிலிக்கன் ஒருநாளும் இறுகாது. டின் சிலிக்கன்தான். அது சமர்த்தாக வேலையை முடித்தது.

தகராறெல்லாம் ரெசினில். குப்பியில் 24 மணி நேரத்தில் இறுகும் என்று போட்டிருக்கிறது. எந்தச் சூட்டில் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? 21 பாகை செல்சியஸுக்கு மேலே இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரி. எங்கள் ஊரில் பகலிலேயே அந்த அளவைத் தொடாத நாட்கள் உண்டு, தை மாதத்தில் விடியற்காலை புல்லில் உறைபனி கிடக்கும். இந்தக் குளிரில் ரெசின் தடித்துப் போகிறது. கலக்கும்போது புகுந்த குமிழி மேலே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. நாள்கணக்கில் வைத்திருந்தாலும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் இன்னொரு கூத்து: ரெசினை இறுக வைக்கும் இரண்டாவது குப்பியான ஹார்டனர் காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்துக்கொண்டு, மேற்பரப்பு முழுக்க மெழுகு தடவியது போல ஒரு மங்கலைப் போட்டுவிடும். அதன் மேலேயே இரண்டாவது தடவை ஊற்றினால் ஒட்டாது, உரிந்து வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் கழுவுவது!

அடுப்புக்கு மேல் பலகையில் வைத்துப் பார்த்தேன். சூடு போதும், ஆனால் விறகுக் கரி தூள்தூளாக விழுந்து நட்சத்திரத்துக்கு அம்மை போட்டதுதான் மிச்சம். அம்மா வேறு, "சோறாக்குற இடத்துல என்னடா இந்த நாத்தம்" என்று தூக்கி இஸ்தோப்பில் வைத்துவிட்டார். பிறகு தேயிலைப் பக்டரியில் வேலை செய்யும் மாமாவைக் கேட்டேன். தேயிலை காயவைக்கும் ட்ரையர் பக்கத்தில் ஒரு ராத்திரி வைக்க இடம் தருவாரா என்று.

"ஏன்டா, தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு உனக்குத் தெரியாதா? உன் பொம்மையால தூள் நாறுச்சுன்னா டீமேக்கர் என்னையத்தான் காயப்போடுவாரு."

நியாயமான பேச்சு. ஆனால் யோசனையும் அவர்தான் கொடுத்தார்: கோழிக்குஞ்சுக்குப் பல்ப் போடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்.

டவுனில் மீன்கடைக்காரரிடம் ஒரு ரிஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்தேன். ஒரு மூலையில் 25 வாட் குண்டு பல்ப். பல்ப் ரிஜிபோமில் பட்டால் உருகிவிடும் என்பதால், ஆணியால் ஓட்டை குத்திய பிஸ்கட் டின்னுக்குள் அதை நிறுத்தி, டின்னுக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்தேன். மீன்தொட்டிக்குப் போடும் டிஜிட்டல் வெப்பமானியின் வயரை மூடி இடுக்கால் உள்ளே விட்டாயிற்று. மூடியை ஒரு விரற்கடை நகர்த்தினால் 30 பாகையில் நிற்கிறது, முழுதாக மூடினால் மளமளவென்று ஏறுகிறது. இதில் பெரிய லாபம் என்னவென்றால், காற்றுச் சூடேறினால் அதன் ஈரப்பதமும் தானாக இறங்கிவிடும். பிசுபிசுப்புக்கும் மங்கலுக்கும் மருந்து ஒரே பல்ப்தான். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எல்லாம் வீண் செலவு.

ஊற்றுவதற்கு முன்னால் இரண்டு குப்பிகளையும், அச்சையும்கூட, இதே பெட்டியில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ரெசின் இளகி ஓடும், குமிழி தானாக வெடித்துப் போகும். ஆனால் கலந்த பிறகு கைக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

எல்.இ.டி. உள்ளே போக வேண்டும் என்பதால் இரண்டு தடவையாக ஊற்றினேன். முதல் பாதியை விரலால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், கோடே தெரியாது. குளிரில் இந்தப் பதம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியில் அது நேரத்துக்கு வந்தது. எல்.இ.டி.யின் முனையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன், இல்லாவிட்டால் நட்சத்திரத்தின் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். நீலம் பல்குச்சி முனையளவு, அதோடு வெள்ளை அதிலும் கொஞ்சம். வெள்ளை சேர்த்தால்தான் ஒளி உள்ளுக்குள் சிதறி உடம்பு முழுக்கப் பரவுகிறது. மைக்கா தூள் போடச் சொல்லி நிறையப் பேர் சொல்கிறார்கள். போட்டால் பளபளக்கும், ஆனால் ஒளி வெளியே வராது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கூண்டு இன்னும் பாதியில் நிற்கிறது. குடைக் கம்பியில் கட்டுகிறேன். மழை ஊரில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை, பஜாரில் குடை திருத்துகிறவர் ஒரு கட்டுக் கம்பியைச் சும்மாவே கொடுத்தார். வளைக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஈயம் பிடிக்க மாட்டேன் என்கிறது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது: 2007இல் வந்த சூப்பர் மாரியோ கேலக்சி வீடியோ விளையாட்டில் மாரியோவின் தொப்பிக்குள் ஒளிந்துகொள்ளுமே, அந்த லூமா என்ற நட்சத்திரப் பொடிசு. அதற்கான நிறமிக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் சொல்லிவைத்தாயிற்று, பஸ் பார்சலில் வரும்.

இப்போது எல்லோரும் எல்.இ.டி. பல்புக்கு மாறிவிட்டதால் சூடு தருகிற குண்டு பல்ப் கிடைப்பதுதான் பாடு. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 25 வாட் இருக்கிற கடை தெரிந்தால் சொல்லுங்கள், ஸ்பேருக்கு இரண்டு வேண்டும்.